சவுண்ட்பாரும் நானும் சித்தி பையனும்

எட்டு மாசம். முழுசாக எட்டு மாசம், ஐந்து ஸ்பீக்கருக்குக் காசு கொடுத்துவிட்டு இரண்டு ஸ்பீக்கர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அதுவும் சந்தோஷமாக! வீட்டுக்கு வந்த நண்பர்களையெல்லாம் சோபாவின் நடுவில் உட்காரவைத்து, "எப்படிடா இருக்கு? தியேட்டர் மாதிரி இல்ல?" என்று கேட்பேன். அவன்களும் "செம டா" என்பான்கள். நினைத்தால் இப்போது சிரிப்பாக இருக்கிறது. கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறது.

கேம் கன்சோலை டி.வி. சவுண்ட்பாரோடு இணைத்து சரவுண்ட் சத்தம் வரவைப்பது எப்படி என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதைச் சொல்கிறேன். ஆனால் அதோடு எனக்கு ஒரு கோபமும் இருக்கிறது. படம் சரியாக வரவில்லை என்றால் டி.வி. உடனே திரையில் எழுதிக் காட்டுகிறது. சத்தம் சரியாக வரவில்லை என்றால் எந்தப் பெட்டியும் வாயைத் திறப்பதில்லை. கிடைத்ததை வைத்துக்கொண்டு சமாளித்துவிடுகிறது. நாமும் அதுதான் சரவுண்ட் என்று நம்பிவிடுகிறோம்.

கதைக்கு வருகிறேன். பிளஸ் டூ பசங்களுக்கு கணக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் ஒரு 5.1 சவுண்ட்பார் வாங்கினேன். 18,000 ரூபாய். டி.வி.க்குக் கீழே வைக்க நீளமாக ஒன்று, மூலையில் வைக்க ஒரு சப்-ஊஃபர், சோபாவுக்குப் பின்னால் வைக்க இரண்டு குட்டி ஸ்பீக்கர். கடையிலிருந்து ஒருவர் வந்தார். கேபிளைச் சொருகினார், ஒரு படத்தின் டிரெய்லரை ஓட்டினார், வீடு அதிர்ந்தது, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அம்மா மட்டும், "சத்தத்தைக் கொறைடா, பக்கத்து வீட்டுல பெரியவர் இருக்கார்" என்றாள். அவ்வளவுதான். நானும் கன்சோலை டி.வி.யில் சொருகி ஆட ஆரம்பித்துவிட்டேன். பின் ஸ்பீக்கர் இரண்டிலும் சத்தம் வந்தது. வேறென்ன வேண்டும்?

இந்தப் பொங்கல் லீவுக்கு சித்தி பையன் வந்திருந்தான். கல்லூரி முதல் வருஷம் படிக்கிறான். அவனுக்குச் சின்ன வயதில் மாலைக்கண் மாதிரி ஆரம்பித்த பிரச்சனை, விழித்திரை சம்பந்தப்பட்ட பரம்பரை நோய் என்று அப்புறம் தெரிந்தது. இப்போது நேர் எதிரே இருப்பது தெரியும், பக்கவாட்டில் எதுவும் தெரியாது. பேப்பரைச் சுருட்டி அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் எப்படியோ அப்படி. ஆனால் கேம் என்றால் உயிர். ஆட்கள் பதுங்கிப் பதுங்கி வந்து தாக்கும் ஒரு கேமை ஆடிக்கொண்டிருந்தான். பதினைந்து நிமிஷம் போயிருக்கும். கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டான்.

"அண்ணா, பின்னாடி ஸ்பீக்கர் ஓடுதா?"

"ஓடுதே. வேணும்னா கை வச்சுப் பாரு, அதிரும்."

"ஓடுது. ஆனா முன்னாடி வர்ற அதே சத்தம்தான் பின்னாடியும் வருது. ஒருத்தன் என் முதுகுக்குப் பின்னாடி வந்து நின்னா எனக்குத் தெரியவே மாட்டேங்குது."

எனக்குச் சுருக்கென்றது. உனக்குக் காது சரியில்லைடா என்று சொல்ல வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, கண்ட்ரோலரை வாங்கினேன். கேமில் ஓர் இடத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் போய் நின்று, நகராமல், பார்வையை மட்டும் மெதுவாக ஒரு சுற்று சுற்றினேன். பாட்டு இடது பக்கம் போனது, வலது பக்கம் போனது. பின்னால் மட்டும் போகவில்லை. ரேடியோ முதுகுக்குப் பின்னால் இருக்கும்போதும் சத்தம் முன்னாலிருந்துதான் வந்தது, அதன் எதிரொலி மாதிரி ஒன்று பின்னால் கேட்டது. எட்டு மாசமாக நான் கவனிக்காததை அவன் பதினைந்தே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டான். எனக்கு சரவுண்ட் என்பது அலங்காரம். அவனுக்கு அது கடைக்கண் பார்வை.

அப்புறம் இரண்டு நாள் உட்கார்ந்து இதன் பூர்வோத்திரத்தைத் தோண்டினேன். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், சினிமாவும் கேமும் ஒன்றல்ல. சினிமாவில் எந்த சத்தம் எந்த ஸ்பீக்கரில் வரவேண்டும் என்று முன்பே முடிவு செய்து, ஆறு தடத்தையும் டால்பி டிஜிட்டல் மாதிரி ஒரு முறையில் சுருக்கிப் பொட்டலம் கட்டி வைத்துவிடுவார்கள். டி.வி.யின் வேலை அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் சவுண்ட்பாரிடம் கொடுப்பது மட்டும்தான். கேமில் அப்படி முடியாது. நீங்கள் எந்தப் பக்கம் திரும்புவீர்கள் என்று யாருக்குத் தெரியும்? அதனால் கன்சோல் அந்தந்த நொடியில் கணக்குப் போட்டு, ஆறு தடமாகவோ எட்டுத் தடமாகவோ சத்தத்தை உருவாக்குகிறது. அது சுருக்கப்படாத சத்தம். இதற்குப் பெயர் லீனியர் பி.சி.எம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு (டியூஷன் வாத்தியார் புத்தி, மன்னிக்கவும்). நொடிக்கு 48,000 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட், ஆறு தடம். பெருக்கினால் நொடிக்கு சுமார் 46 லட்சம் பிட். இரண்டே தடம் என்றால் சுமார் 15 லட்சம். டி.வி.யிலிருந்து சவுண்ட்பாருக்குப் போகும் வழி ஏ.ஆர்.சி. என்ற வசதி. 2009-ல் எச்.டி.எம்.ஐ. 1.4 பதிப்போடு வந்தது. டி.வி.க்குள் படம் வரும் அதே கேபிளில் சத்தம் திரும்பிப் போகும். வசதிதான். ஆனால் அந்தக் குழாயின் அகலம் பழைய ஆப்டிகல் கேபிளை ஒட்டித்தான் அமைந்தது. சுருக்காத சத்தம் என்றால் இரண்டு தடம்தான் அதில் போகும். ஆறு தடத்தை அதில் தள்ள முடியாது. டி.வி. என்ன செய்கிறது? ஆறையும் இரண்டாகக் கலந்து அனுப்புகிறது. அல்லது 'எனக்கு இரண்டுதான் முடியும்' என்று கன்சோலிடமே சொல்லி, இரண்டையே வாங்கிக்கொள்கிறது. எப்படியானாலும் முதுகுக்குப் பின்னால் வரவேண்டிய ஆள் அங்கேயே காணாமல் போய்விடுகிறான்.

அப்படியானால் என் பின் ஸ்பீக்கரில் சத்தம் எப்படி வந்தது? அங்கேதான் சூட்சுமம். சவுண்ட்பாரில் 'சரவுண்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. இரண்டு தடம் மட்டும் வந்தாலும் அதையே நீட்டி, பிசைந்து, எல்லா ஸ்பீக்கருக்கும் பரப்பிவிடும். பாட்டுக் கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் தொலைந்த தகவலை அதால் திரும்பக் கொண்டுவர முடியாது. மோரில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அளவு கூடும், மோர் கூடாதே!

சரி, தீர்வு என்ன? மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, கன்சோலே சத்தத்தைச் சுருக்கி அனுப்புவது. டால்பி டிஜிட்டலில் ஆறு தடமும் சேர்ந்தே அதிகபட்சம் நொடிக்கு 6,40,000 பிட்தான். ஏ.ஆர்.சி. குழாயில் தாராளமாகப் போகும். இது புதிய சரக்கும் இல்லை. 2001-ல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸே ஆடும்போதே டால்பி டிஜிட்டலாக மாற்றித் தந்தது. இன்றைக்கு பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் இந்த வசதி உண்டு. பிளேஸ்டேஷனில் செட்டிங்ஸுக்குள் சவுண்ட், அதற்குள் ஆடியோ அவுட்புட். எக்ஸ்பாக்ஸில் வால்யூம் பகுதிக்குள் போய் 'பிட்ஸ்ட்ரீம்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அதில் டால்பி டிஜிட்டல். பிறகு டி.வி.யின் செட்டிங்ஸில் டிஜிட்டல் ஒலி வெளியீடு என்ற இடத்தில் 'பி.சி.எம்.' என்றிருந்தால் 'பாஸ் த்ரூ' அல்லது 'ஆட்டோ' என்று மாற்றவேண்டும். இரண்டையும் மாற்றினால்தான் வேலை நடக்கும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு 'வரலையே' என்று புலம்பக்கூடாது (நான் அரை மணி நேரம் புலம்பினேன்).

இதற்கு ஒரு விலை உண்டு. டால்பி டிஜிட்டல் 1,536 மாதிரிகளை ஒரு கட்டாகச் சேர்த்துத்தான் சுருக்கும். அந்த ஒரு கட்டு சேரவே 32 மில்லிநொடி ஆகிவிடும். சுருக்க, பிரிக்க ஆகும் நேரம் தனி. கதை கேம்களில் இது தெரியாது. தாளத்துக்கு ஏற்ப பட்டனை அழுத்தும் கேம் ஆடுபவர்களுக்கு உறுத்தும்.

இரண்டாவது வழி, டி.வி.யையே தவிர்ப்பது. சில சவுண்ட்பார்களில் எச்.டி.எம்.ஐ. உள்ளீடு தனியாக இருக்கும். கன்சோலை நேராக அதில் சொருகி, படத்தை மட்டும் டி.வி.க்கு அனுப்பலாம். சுருக்காத ஆறு தடமும் அப்படியே போய்ச் சேரும். நின்டெண்டோ ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். 2017-ல் வந்த அந்த ஸ்விட்ச் 5.1 சத்தத்தை லீனியர் பி.சி.எம். ஆக மட்டும்தான் தரும், டால்பியாகத் தராது. முதல் வழி அதற்குப் பயன்படாது. ஆனால் எல்லா சவுண்ட்பாரும் நொடிக்கு 120 சட்டகம் கொண்ட 4கே படத்தைக் கடத்தாது. புதிய கன்சோலின் படத்தைக் குறைத்துக்கொண்டு சத்தத்தைக் கூட்டிக்கொள்வதா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி இ-ஏ.ஆர்.சி. 2017-ல் வெளியான எச்.டி.எம்.ஐ. 2.1 பதிப்பில் வந்தது. குழாயை அகலப்படுத்தி, நொடிக்கு 37 மெகாபிட் வரை போகும்படி செய்தார்கள். சுருக்காத எட்டுத் தடமே போகும். டி.வி., சவுண்ட்பார் இரண்டிலும் இது இருக்கவேண்டும். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாவிட்டால் பழைய குழாய்தான்.

ஆப்டிகல் கேபிளை கன்சோலிலிருந்து நேராக சவுண்ட்பாருக்கு இழுக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: பழைய பிளேஸ்டேஷன் 4-ல், எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் முடியும். பிளேஸ்டேஷன் 5-லும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டிலும் அந்தத் துளையே கிடையாது.

என் டி.வி. ஆறு வருஷப் பழசு. வெறும் ஏ.ஆர்.சி. சவுண்ட்பாரில் தனி உள்ளீடு இல்லை. ஆக முதல் வழி. கன்சோலில் ஒன்று, டி.வி.யில் ஒன்று, இரண்டு செட்டிங்ஸ். பத்து நிமிஷ வேலை. பைசா செலவில்லை. சவுண்ட்பாரின் முகத்தில் முதல் முறையாக 'டால்பி' என்று எழுத்து வந்தது. அந்த சரவுண்ட் பொத்தானை அணைத்தேன். பின் ஸ்பீக்கர்களைக் காதுக்கு நேர் பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தேன். மறுபடி அதே ரேடியோ, அதே ஒரு சுற்று. பாட்டு என் முதுகைச் சுற்றிக்கொண்டு போனது.

இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

எச்.டி.எம்.ஐ. கேபிளைச் சொருகியவுடன் டி.வி. தன்னால் என்னென்ன முடியும் என்று ஒரு பட்டியலைக் கன்சோலிடம் கொடுக்கும். எந்த அளவுப் படம், எத்தனை தட சத்தம், எந்தெந்தச் சுருக்கமுறை எல்லாம் அதில் இருக்கும். ஆக விஷயம் பெட்டிகளுக்குத் தெரியும். என் டி.வி.க்குத் தான் இரண்டு தடம்தான் அனுப்புகிறோம் என்று தெரியும். என் சவுண்ட்பாருக்குத் தனக்கு இரண்டு தடம்தான் வருகிறது என்று தெரியும். தெரியாதது எனக்கு மட்டும்தான்! 'உங்களிடம் ஐந்து ஸ்பீக்கர் இருக்கிறது, வருவது இரண்டு தடம்' என்று திரையில் ஒரு வரி காட்ட என்ன செலவாகிவிடும்? ரிமோட்டில் பேட்டரி குறைந்தால் சொல்லத் தெரிகிறது அல்லவா?

அட்டைப்பெட்டியில் '5.1' என்று உள்ளங்கை அகலத்துக்கு அச்சடிக்கிறார்கள். அது ஸ்பீக்கரின் எண்ணிக்கை. சத்தத்தின் எண்ணிக்கை அல்ல. 'உங்கள் டி.வி.யில் எந்தத் துளை இருந்தால் இந்த 5.1 கிடைக்கும்' என்று பக்கத்திலேயே சின்னதாக அச்சடிக்கலாம். வாட் கணக்கை இவ்வளவு பெரிதாகப் போடத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா? பொருத்த வருகிறவரும் டிரெய்லர் ஓட்டி வீட்டை அதிரவைப்பதற்குப் பதில், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் அதற்குரிய சத்தம் வருகிறதா என்று ஒரு நிமிஷம் சோதித்துக் காட்டினால் போதும். அவரைக் குறை சொல்லவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறி இறங்குகிறாரோ. சோதிக்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"ஒரு நல்ல ஹெட்போன் வாங்கினால் முடிந்தது, இதற்குப் போய் இவ்வளவா?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். 2017-ல் வந்த 'ஹெல்பிளேட்' கேம், ஹெட்போன் போட்டுக்கொண்டு ஆடச்சொல்லி ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்ளும். பிளேஸ்டேஷன் 5-ன் முப்பரிமாண ஒலியும் ஹெட்போனில் அருமையாக இருக்கும். தனியாக ராத்திரி ஆடுபவர்களுக்கு சவுண்ட்பாரைவிட அதுவே மேல், காசும் மிச்சம். நானே அப்படித்தான் சிபாரிசு செய்வேன். ஆனால் சித்தி பையனிடம் இதைச் சொன்னபோது, "காதையும் மூடிட்டா வீட்டுல யார் எங்க இருக்காங்கன்னே தெரியாது அண்ணா" என்றான். அதற்கு மேல் நான் பேசவில்லை. அதுவும் போக, ஹாலில் நாலு பேர் உட்கார்ந்து ஆடுவது ஒரு சுகம். ஆளுக்கொரு ஹெட்போன் போட்டுக்கொண்டு ஆடுவது வேறு.

கேம் செய்பவர்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ முன்னால் போய்விட்டார்கள். 2020-ல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' கேமில் மாற்றுத்திறனாளிகளுக்காக 60-க்கும் மேற்பட்ட வசதிகள் வைத்தார்கள். ஒரு பட்டனை அழுத்தினால் எதிரி இருக்கும் திசையிலிருந்தே ஒரு சத்தம் வரும். பார்வையே இல்லாதவர்களும் அதை முடிக்கலாம். 2023-ல் வந்த 'ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்' கேமில் பார்வையற்றவர்கள் காதால் கேட்டே கார் ஓட்ட வசதி இருக்கிறது. இந்த இரண்டிலும் ஆலோசகராக இருந்தவர் பிராண்டன் கோல் என்ற பார்வையற்ற அமெரிக்கர். 2024-ல் மறைந்துவிட்டார். அவர் மாதிரி ஆட்கள் வருஷக்கணக்கில் உழைத்து, சத்தத்துக்குத் திசை கொடுத்து அனுப்புகிறார்கள். அது கடல் தாண்டி நம் வீட்டு ஹால் வரை பத்திரமாக வருகிறது. கடைசி ஒன்றரை மீட்டர் கேபிளில், யாரும் பார்க்காத ஒரு செட்டிங்ஸில் செத்துப்போகிறது. கேட்க ஆளில்லை.

அதனால் சொல்கிறேன். சரவுண்ட் வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் சவுண்ட்பார் விலையை விசாரிப்பதற்கு முன் டி.வி.க்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். அங்கே ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கிறதா, இ-ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் இன்றைக்கே ஒரு கேமில் அருவி, ரேடியோ, எரியும் நெருப்பு என்று ஏதாவது ஒன்றின் பக்கத்தில் நின்று ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். சத்தம் உங்கள் முதுகுக்குப் பின்னால் போகவில்லையென்றால் நீங்களும் என் கட்சி. :-)

லீவு முடிந்து ஊருக்குக் கிளம்பும் முன் அவன் மறுபடி அதே கேமை ஆடினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் யாருமே இல்லை. திடீரென்று சடாரென்று பின்னால் திரும்பினான். அங்கே ஒருத்தன் கத்தியோடு நின்றுகொண்டிருந்தான். எனக்கு அவன் வந்ததே தெரியவில்லை.

பி.கு: ஏ.ஆர்.சி.க்கு என்று தங்க முலாம் பூசிய, ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் கேபிள் எதுவும் தேவையில்லை. சாதாரண ஹை ஸ்பீடு எச்.டி.எம்.ஐ. கேபிளே போதும். இ-ஏ.ஆர்.சி.க்கு ஈதர்நெட் வசதியுள்ள ஹை ஸ்பீடு கேபிள் போதும். அந்தக் காசுக்கு நாலு பேருக்கு பரோட்டா வாங்கிக் கொடுங்கள், புண்ணியமாவது கிடைக்கும்.